"நஷ்டத்தைப் பொறுத்துக்கொள்" வசனமும் சொத்துப் பங்கும்

பாளையங்கோட்டையிலிருந்து:

அப்பா உயில் எழுதாமல் இறந்துபோனார். ஊரில் ஒரு வீடும் பனைவிளையும் (பனந்தோப்பு) இருந்தன. நாற்பதாம் நாள் ஜெபம் முடிந்த கையோடு, எனக்குப் பங்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தை எடுத்து வைத்தார்கள், தட்டச்சு செய்து தயாராக இருந்தது. "உனக்குத்தான் நகை போட்டுக் கட்டிக் கொடுத்தாச்சே" என்றான் அண்ணன். நான் யோசித்தேன். பெரியப்பா உடனே வேதாகமத்தைத் திறந்து 1 கொரிந்தியர் 6:7-ஐ வாசித்தார்: "ஏன் நஷ்டத்தைப் பொறுத்துக்கொள்ளுகிறதில்லை?"

சிறு வயதிலிருந்து கேட்ட வசனம். சபையார் ஒருவர்மேல் ஒருவர் வழக்குப் போடுவதைக் கண்டித்து அப்போஸ்தலன் பவுல் கொரிந்து சபைக்கு எழுதியது. அவர் விளையாட்டுக்கு எழுதவில்லை, அதை நான் மதிக்கிறேன். ஆனால் அடுத்த வசனத்தையும் வாசிக்கச் சொன்னேன். "நீங்களே அநியாயஞ்செய்கிறீர்கள், நஷ்டப்படுத்துகிறீர்கள்; சகோதரருக்கும் அப்படிச் செய்கிறீர்களே." பெரியப்பா பாதி வரைக்கும் வாசித்துவிட்டுக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். ஏழாம் வசனத்தை மனப்பாடமாகச் சொல்கிற நம்மாட்கள் எட்டாம் வசனத்துக்கு ஏன் போவதே இல்லை?

ஐந்தாம் வசனத்தில் பவுல், சகோதரருக்குள் வழக்குத் தீர்க்க ஒரு விவேகியாவது உங்களுக்குள் இல்லையா என்று கேட்கிறார். சரி, அதையே செய்வோம் என்றேன். சபை ஐயர் (போதகர்) வீட்டில் உட்கார்ந்து பேசினோம். 1925-ம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி உயில் இல்லாத சொத்தில் அம்மாவுக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக, ஆண் பெண் பேதம் கிடையாது. ஐயர் இதைச் சொன்னபோது அண்ணனுக்கு முகம் சுருங்கியது. கடைசியில் விளையில் என் பங்கை வாங்கிக்கொண்டேன், வீட்டில் கேட்கவில்லை. அதை நானாக விட்டேன். அண்ணி இன்னும் சரியாகப் பேசுவதில்லை.

மார்த்தாண்டத்திலிருந்து:

அக்கா, எங்கள் பக்கம் பழைய திருவிதாங்கூர். 1916-ம் ஆண்டு திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டப்படி அப்போதெல்லாம் மகளுக்கு, மகன் பங்கில் கால்வாசி அல்லது ஐயாயிரம் ரூபாய், இரண்டில் எது குறைவோ அதுதான் கிடைத்தது. கோட்டயத்து மேரி ராய் கூடப்பிறந்தவரோடு இருந்த சொத்துத் தகராறில்தான் நீதிமன்றம் போனார். 1986-ல் உச்ச நீதிமன்றம் 1925 சட்டமே செல்லும் என்றது. அவர் பொறுத்துக்கொண்டு வீட்டிலேயே இருந்திருந்தால்?

ஆனால் அந்த வசனத்தை நிஜமாகவே வாழ்ந்த ஒருவரை எனக்குத் தெரியும், என் அப்பா. பக்கத்து விளைக்காரர் (எங்கள் சபைதான்) வேலியை இரண்டடி உள்ளே தள்ளிப் போட்டார். சர்வேயரைக் கூப்பிடலாம் என்று மாமா குதித்தார். அப்பா, "அவன் எடுத்தது ரெண்டடி. கேஸுன்னு போனா ரெண்டு தலைமுறை போயிரும்" என்று சொல்லிவிட்டு, தன் பக்கம் சாய்ந்து நின்ற பலாமரத்தை மட்டும் கணக்கில் காட்டி வாங்கிக்கொண்டார். அவருக்கு யாரும் வசனம் வாசித்துக் காட்டவில்லை. விட்டுக்கொடுத்தால் நாங்கள் பட்டினி கிடக்கப்போவதும் இல்லை. அம்மாவுக்குத்தான் ஆறவே இல்லை. அசனத்துக்கு (சபை விருந்து) பந்தியில் அந்தக் குடும்பத்துக்குப் பக்கத்தில் உட்காரமாட்டாள். "பவுல் உங்கப்பாவுக்கு எழுதினது, எனக்கில்ல" என்பாள்.

தூத்துக்குடியிலிருந்து:

கொரிந்து சபைக்கு அப்படி எழுதிய அதே பவுல், தன்னை விசாரணைக்கு எருசலேமுக்கு அனுப்பிவிடப் பார்த்தபோது "இராயனுக்கு அபயமிடுகிறேன்" என்று ரோமப் பேரரசனிடம் மேல்முறையீடு செய்தவர், அப்போஸ்தலர் 25-ல் இருக்கிறது. அவரைக் குற்றம் சாட்டியவர்கள் சபையார் அல்லர் என்பது வேறு விஷயம். ஆனாலும், சட்டத்தை நாடினாலே பாவம் என்பவர்கள் அந்த அதிகாரத்தையும் ஒருமுறை வாசிக்கட்டும்.

பாளையங்கோட்டை அக்காவுக்கு ஒன்று. பங்கை வாயால் பேசி முடித்தீர்களா, பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவாகிவிட்டதா? ஒப்புரவான சந்தோஷத்தில் பட்டா மாற்றாமல் விட்டுவிடாதீர்கள். தாய்ப்பத்திரம் அண்ணனிடம் இருந்தால் நகலாவது எடுத்து வையுங்கள், வில்லங்கச் சான்றும் ஒன்று போட்டுப் பாருங்கள்.