புதுப்பிப்பு: மகளின் அறை, 5,000 ரூபாய்க்குள்

பத்தாவது படிக்கும் மகளின் அறையை 5,000 ரூபாய்க்குள் மாற்ற முடியுமா என்று போன மாதம் கேட்டிருந்தேன் இல்லையா, வேலை முடிந்துவிட்டது, யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. நாலு சுவருக்கும் பெயிண்ட் வேண்டாம், கட்டிலுக்குப் பின்னால் இருப்பது மட்டும் போதும் என்று முடிவெடுத்தது அவள்தான். ஆணி ஓட்டைகளைப் பட்டி வைத்து அடைத்து, காய்ந்ததும் உப்புத்தாள் தேய்த்து, பிரைமர் ஒரு கோட்டிங், அப்புறம் இளம்பச்சை எமல்ஷன் பெயிண்ட் இரண்டு கோட்டிங். 10க்கு 10 அடி சுவருக்கு ஒரு லிட்டர் போதுமாக இருந்தது. ஓரத்தில் ஒட்டிய டேப்பை பெயிண்ட் முழுசாகக் காய்வதற்குள் உரித்துவிடுங்கள், கோடு சுத்தமாக வரும். ஜன்னலுக்கு என் பழைய சுங்குடிச் சேலை. பீரோவின் துருவை அவளும் அவள் அப்பாவும் சேர்ந்து சுரண்டினார்கள், இருவரும் அவ்வளவு நேரம் பேசி ரொம்ப நாளாகியிருந்தது, எனக்கு அதுதான் பெரிய சந்தோஷம். மிச்சக் காசில் மேசை விளக்கு வாங்கப் போகிறோம்.