உதவி: பழைய மாருதி 800, இழுவை இல்லை, கார்புரேட்டர் வாயைக் கடையலாமா? அவசரம்

மஞ்சக்குப்பம்800:
வணக்கம். வண்டியில் இழுவை சுத்தமாக இல்லை. கடலூர் கேப்பர் மலை ஏறுவதற்குள் இரண்டாவது கியருக்கு வந்துவிடுகிறது, பின்னால் வரும் டவுன் பஸ்காரர் ஹாரன் அடித்தே கொல்கிறார். கூம்பு மாதிரி இருக்கும் ஏர் ஃபில்டர் வாங்கிப் போட்டும் பிரயோஜனமில்லை. காற்றும் பெட்ரோலும் கலக்கிற கார்புரேட்டரின் வாயை லேத்தில் கொடுத்துக் கொஞ்சம் கடைந்து அகலமாக்கினால் காற்று தாராளமாகப் போகும் என்று பட்டறையில் சொல்கிறார்கள். செய்யலாமா? ஞாயிறு குடும்பத்தோடு வெளியூர் போக வேண்டும்.

நெய்வேலி டீசல்:
எந்த வருஷ மாடல்? எத்தனை கிலோமீட்டர்? ஏசி உண்டா? இழுவை திடீரென்று போனதா, கொஞ்சம் கொஞ்சமாகவா? ஒன்றுமே சொல்லாமல் கடையலாமா என்றால் எப்படி சார்?

பழையவண்டி பாண்டி:
இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்தான் காரணம், கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. அதைப் பெட்ரோலில் 20 சதவீதம் கலந்தால் மொத்தத்தில் ஆறேழு சதவீதம் போச்சு. புது வண்டியில் சென்சார் பார்த்துக் கூடுதலாகப் பெட்ரோல் விடும், கார்புரேட்டர் ஜெட்டுக்கு (பெட்ரோல் வரும் சின்னத் துளை) அதெல்லாம் தெரியாது. ரப்பர் டயாஃப்ரமையும் பாருங்கள், ஊறிப் போயிருக்கும்.

ஜெட்_நம்பர்:
இருபது வருஷமாகக் கார்புரேட்டர் பிரிக்கிறவன் சொல்கிறேன், கடைய வேண்டாம். தம்பி, அந்த வாய் நடுவில் குறுகி இருப்பது கம்பெனிக்காரன் கஞ்சத்தனம் இல்லை. குறுகின இடத்தில் காற்று வேகமாக ஓடும், அங்கே அழுத்தம் குறையும், அந்த உறிஞ்சலில்தான் ஜெட் வழியாகப் பெட்ரோல் மேலே வருகிறது. அதைக் கடைந்தால் காற்று போகும், பெட்ரோல் வராது. சின்ன வேகத்தில் மிதித்தால் வண்டி விக்கும். கடைந்ததைத் திரும்ப ஒட்டவும் முடியாது. இது பள்ளிக்கூடப் பாடம், ஆனால் இப்போது எல்லோரும் வீடியோ பார்த்து மெக்கானிக் ஆகிவிடுகிறார்கள்.

மஞ்சக்குப்பம்800:
98 மாடல், நாலு கியர். காலையில் பரவாயில்லை, மதியம்தான் மோசம். வீடியோ பார்க்கவில்லை சார்.

நெய்வேலி டீசல்:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்! கூம்பு ஃபில்டர் எங்கே உட்கார்ந்திருக்கிறது? ஒரிஜினல் ஃபில்டர் டப்பாவும் அது காற்று இழுக்கும் மூக்குக் குழாயும் என்ன ஆச்சு?

மஞ்சக்குப்பம்800:
டப்பாவைக் கழற்றி மாடியில் போட்டுவிட்டேன். கூம்பு நேராகக் கார்புரேட்டர் மேலேயே இருக்கிறது.

நெய்வேலி டீசல்:
அப்போது அது குடிப்பது பானெட்டுக்குள் வேகும் காற்றை. வெளியே 35 டிகிரி, உள்ளே 65 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், அதே கொள்ளளவில் காற்று எடை ஒன்பது சதவீதம் குறைந்துவிடும். 796 சிசி வண்டியில் ஒன்பது சதவீதம் என்றால் மலையில் காலுக்கே தெரியும். டப்பாவை மாட்டுங்கள். மூக்கில் கோடை, குளிர் என்று மாற்றும் லீவர் இருந்தால் அது எந்தப் பக்கம் நிற்கிறது என்றும் பாருங்கள். குளிர் பக்கம் இருந்தால் சைலன்சர் மேனிஃபோல்டு (இன்ஜின் புகை வெளியேறும் குழாய்) பக்கத்துச் சூட்டைத்தான் இழுக்கும். கடலூரில் குளிர்காலம் என்று ஒன்று எப்போது வந்தது?

தேவனாம்பட்டினம்:
கூம்பைக் கட்டாயம் எடுங்கள். கடற்கரை மணல் நைஸாக உள்ளே போனால் சிலிண்டர் உள்சுவர் தேய்ந்துவிடும், என் மாமா வண்டிக்கு அதுதான் ஆச்சு.

பழையவண்டி பாண்டி:
எல்லாம் சரி, எங்கே பெட்ரோல் போடுகிறீர்கள் என்று ஒருத்தரும் கேட்கவில்லையே. கடலூர் பங்கா, பாண்டி பங்கா?

தேவனாம்பட்டினம்:
பாண்டி பெட்ரோல் போட்டால் இழுவை போகும் என்று எங்கள் தெருவில் எல்லோருமே சொல்வார்கள். விலை குறைவு என்றால் சும்மாவா?

பழையவண்டி பாண்டி:
பாண்டிக்கு என்று தனியாக எண்ணெய்க் கிணறா இருக்கிறது? வரி குறைவு, அதனால் விலை குறைவு. ஞாயிற்றுக்கிழமை பாண்டி எல்லை முள்ளோடையில் வரிசையில் நிற்கிற பாதி வண்டி கடலூர் டிஎன் 31தான், வீட்டுக்குப் போய்க் கலப்படம் என்று பேசுவது.

தேவனாம்பட்டினம்:
முள்ளோடையில் வண்டிகள் பெட்ரோலுக்கு மட்டும்தான் நிற்கிறதா அண்ணா?

ஜெட்_நம்பர்:
இழை எங்கே போகிறது பாருங்கள். தம்பி, காற்று வழி அடைப்பா இல்லையா என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துகொள்ளலாம். கொத்தனார் மட்டம் பார்க்கிற டியூப் ஒரு மீட்டர் வாங்கி, யு மாதிரி வளைத்துப் பாதி தண்ணீர் ஊற்றி, ஒரு முனையை ஃபில்டருக்கும் கார்புரேட்டருக்கும் நடுவில் செருகு. பக்கத்தில் ஒருத்தரை உட்கார வைத்து மலை ஏறும்போது முழுக்க மிதி. தண்ணீர் பத்து செ.மீ. வித்தியாசம் காட்டினால்கூட அது ஒரு சதவீதம் நஷ்டம்தான், ஏனென்றால் முழுக் காற்றழுத்தம் பத்து மீட்டருக்கும் மேல் தண்ணீரைத் தூக்கும். அந்த ஒரு சதவீதத்துக்காகவா லேத்துக்குப் போகிறாய்? அப்புறம் முக்கியம்: இன்ஜினை நிறுத்திவிட்டு ஒருத்தரை ஆக்சிலேட்டரை அடிவரை மிதிக்கச் சொல்லி, மேலிருந்து டார்ச் அடித்துப் பார். கார்புரேட்டருக்குள் காற்று வழியைத் திறக்கும் வால்வு தகடு நேராக நிற்கிறதா என்று. பழைய கேபிள் தளர்ந்து முக்கால்வாசிதான் திறக்கும்.

நெய்வேலி டீசல்:
நல்ல யோசனை. ஆனால் காலையில் நன்றாக இருந்து மதியம் கெடுகிறது என்றால் கேபிளா காரணம்? கேபிளுக்கு வெயில் தெரியுமா?

ஜெட்_நம்பர்:
காலையில் இவர் மலை ஏறினாரா என்று கேட்டீர்களா?

(மூன்று நாள் கழித்து)

நெய்வேலி டீசல்:
மஞ்சக்குப்பம், என்ன ஆச்சு? போனீர்களா இல்லையா?

மஞ்சக்குப்பம்800:
போய்ட்டு வந்துட்டோம். பழைய டப்பாவை மாட்டினேன், மூக்குக்குள் எலி தென்னை நாரும் துணியுமாக வீடு கட்டியிருந்தது, எடுத்துப் போட்டேன். லீவர் இருந்தது, குளிர் பக்கம், மாற்றினேன். தகடும் முழுக்கத் திறக்கவில்லை, பார்த்தால் அப்பா கால் மேட்டுக்கு மேல் இன்னொரு ரப்பர் மேட் போட்டிருக்கிறார், பெடல் அதில் தட்டியிருக்கிறது. இப்போது மதியமும் மலை மூன்றாவது கியரில் ஏறுகிறது. காலையில் ஏறினதில்லை சார், மார்க்கெட் வரைக்கும்தான் போவேன். லேத்துக்குப் போகவில்லை. எல்லோருக்கும் நன்றி.

ஜெட்_நம்பர்:
மூன்றையும் ஒரே நாளில் மாற்றிவிட்டால் எது குணமாக்கியது என்று எப்படித் தெரியும்? அந்த ரப்பர் மேட்டை மட்டும் திரும்பப் போட்டு ஒரு தடவை மலை ஏறிப் பார்த்துச் சொல்.

பழையவண்டி பாண்டி:
பெட்ரோல் எங்கே போட்டீர்கள் என்று கடைசிவரை சொல்லவே இல்லையே?