உளவுத் தகவல் பகுப்பாய்வு: முதலில் எதைப் படிப்பது?

மாறன்: புதிதாகக் கற்பவர் முறை சொல்லும் நூலில் தொடங்க வேண்டுமா, தோல்விகளை ஆராய்ந்த அறிக்கைகளிலா?

இளவேனில்: ரிச்சர்ட்ஸ் ஹோயரின் 'சைக்காலஜி ஆஃப் இன்டெலிஜென்ஸ் அனாலிசிஸ்'. 1999இல் சி.ஐ.ஏ.வே வெளியிட்டது, இணையத்தில் இலவசம். 8ஆம் அத்தியாயத்தின் அட்டவணை முறையிலிருந்தே தொடங்கலாம். கருதுகோள்களை மேலே எழுதுங்கள், ஆதாரங்களை இடப்பக்கம். ஒவ்வோர் ஆதாரத்தையும் எல்லாக் கருதுகோள்களோடும் குறுக்காகப் பொருத்திப் பார்க்க வேண்டும். பலர் தமக்குப் பிடித்த கருதுகோளை மட்டும் மேலிருந்து கீழாக நிரப்பிவிடுகிறார்கள்; கெடுவது அங்கேதான். ஆதாரங்களோடு முரண் குறைந்த கருதுகோளே நிற்கும்.

கதிரவன்: இதை முதலில் கொடுத்தால் கட்டம் நிரப்பத்தான் பழகுவார்கள். ஈராக்கிடம் நடமாடும் உயிரி ஆயுதக் கூடங்கள் உண்டு என்ற 2002 அமெரிக்க உளவு மதிப்பீடு, பெரும்பாலும் 'கர்வ்பால்' என்ற மறைபெயர் கொண்ட ஒரே ஆளை நம்பித் தவறியது. அவர் சொன்னது ஏறத்தாழ 100 அறிக்கைகளாகச் சுற்றுக்கு வந்தது. அட்டவணையில் அவை 100 ஆதாரங்களாகத் தெரியும்! அந்தத் தோல்வியை ஆராய்ந்த 2005 சில்பர்மன்-ராப் ஆணைய அறிக்கையைப் படித்தவர் அந்தத் தவறைச் செய்ய மாட்டார்.

இளவேனில்: ஒரே மூலம் என்றால் ஒரே வரி, அவ்வளவுதான். ஆனால் எந்த ஆதாரம் பேசும், எது பேசாது என்பதை முறைதான் கற்றுத்தரும். 1973 அக்டோபரில் எகிப்து இஸ்ரேலைத் தாக்குமுன் அதன் படைக்குவிப்பு பயிற்சிக்கும் பொருந்தியது, போருக்கும் பொருந்தியது. அங்கிருந்த சோவியத் ஆலோசகர்களின் குடும்பங்கள் அவசரமாக விமானம் ஏறியது பயிற்சிக்குப் பொருந்தவே இல்லை. முதல் வரியை அடித்துவிடலாம்; இரண்டாவது தங்கம். அதோடு, தோல்வி அறிக்கை எல்லாமே விடை தெரிந்தபின் எழுதியவை.

கதிரவன்: அது நியாயமான குறை. அப்படியானால் அன்றைய மூல ஆவணத்தையே படியுங்கள். கியூபாவில் சோவியத் தாக்குதல் ஏவுகணை வைக்காது என்று கணித்த அமெரிக்க மதிப்பீடு 1962 செப்டம்பர் 19 தேதியிட்டது. சோவியத்தின் அதுவரையான நடைமுறைக்கு அது ஒவ்வாது என்ற வாதம் இன்றும் வலுவாகவே தெரியும். உங்கள் கணிப்பைச் சதவீதத்தில் எழுதி வைத்துவிட்டு, பிறகு அந்த ஏவுகணைகளைக் காட்டிய அக்டோபர் 14 உளவு விமானப் படங்களுக்குப் போங்கள்.

தென்றல்: சதவீதம் என்றதும் சி.ஐ.ஏ. மதிப்பீட்டு அலுவலகத் தலைவராக இருந்த ஷெர்மன் கென்ட், வாய்ப்பைக் குறிக்கும் சொற்கள் பற்றி 1964இல் எழுதிய கட்டுரையை விடக்கூடாது, தோழர்களே. யூகோஸ்லாவியா தாக்கப்பட 'கணிசமான வாய்ப்பு' உண்டு என்றது 1951 மதிப்பீடு. கென்ட் மனத்தில் இருந்தது 65 சதவீதம். அதே வரிக்கு ஒப்புதல் தந்த சக ஊழியர்கள் நினைத்திருந்ததோ 20 முதல் 80 வரை.

இளவேனில்: ஆமாம், அது ஹோயருக்கும் முன்னால் வரட்டும். கியூபா ஆவணம் மட்டும் அட்டவணை பழகியபின்.