மறு: படிப்பக மாடிக்கு நன்கொடை

எல்லோருக்கும் வணக்கம்.

மாடி கட்டப் பணம் கேட்ட மடலைப் பார்த்தேன். போன வாரம் சித்தப்பா படிப்பகத்துக்குப் போயிருக்கிறார். வாசலில் பூட்டு. ஜன்னல் வழியாகப் பார்த்தாராம்; கணினிகள் மேல் போர்த்திய துணியில் விரலால் பெயர் எழுதும் அளவுக்குத் தூசி. நம் பெயர் பொறித்த கல்வெட்டு மட்டும் பளபளக்கிறதாம்.

கட்டடத்துக்குக் கொடுக்க ஆள் உண்டு, கரண்ட் பில்லுக்குக் கிடையாது. நாம் கொடுப்பது மனம் இளகும்போது. செலவு மாதாமாதம் வருகிறது. நடுவில் சாவியை வைத்துக்கொண்டு சம்பளமில்லாமல் படிப்பகத்தைப் பார்த்துக்கொள்ளும் தம்பிதான் அல்லாடுகிறான். ஒருவர் "என் பணம் புத்தகத்துக்கு மட்டும்" என்கிறார், இன்னொருவர் ரசீதைத் தபாலில் கேட்கிறார், பெரியண்ணனுக்கோ கணக்கு எக்ஸெல்லில்தான் வேண்டும். ஆளுக்கொரு நிபந்தனை போட்டால், சின்ன நன்கொடைகளைப் பதிந்து பதில் சொல்கிற உழைப்பே அந்தத் தொகையைத் தின்றுவிடும். அந்த உழைப்பு எந்த வரவு செலவிலும் இல்லை. பெரியண்ணன் கணக்கு கேட்பது நியாயம்தான், இதையும் சேர்த்துக் கேட்கட்டும்.

தம்பிக்கு "ஏதோ கொஞ்சம்" கொடுக்கலாம் என்று மாமா எழுதியிருந்தார். பொருளாதாரம் படிக்கும் என் மகள், வேண்டவே வேண்டாம் என்கிறாள். க்னீசி, ருஸ்டிக்கினி என்ற பொருளாதார ஆய்வாளர்கள் இருவர் 2000-இல் வெளியிட்ட ஆய்வு: நன்கொடை திரட்டப் போன 180 மாணவர்களை மூன்றாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு ஒன்றும் தரவில்லை; மற்ற இரண்டுக்கும் திரட்டியதில் முறையே 1, 10 விழுக்காடு, அதுவும் ஆய்வாளர்கள் கையிலிருந்து. சும்மா போனவர்கள்தான் அதிகம் திரட்டினார்கள். 1 விழுக்காட்டுக்காரர்கள் கடைசி. சில்லறையை நீட்டினால் சேவை கூலியாகிவிடுகிறது, அதுவும் மட்டமான கூலி. கொடுத்தால் முழுச் சம்பளம் கொடுப்போம். இல்லையென்றால் வேலையை மூன்று பேருக்குப் பிரித்து, வருடத்துக்கொரு முறை ஆளை மாற்றுவோம்.

மாடிக்கு என் பங்கு இல்லை. அதே தொகையை 36 மாதங்களாகப் பிரித்து, நிபந்தனை இல்லாமல் அனுப்புகிறேன். கௌரவம் போய்விடும் என்று மாமா வருத்தப்படுவார். மாமா, கல்வெட்டில் தாத்தா பெயரை முதலில் போட்டதற்கு நான் யார் யாரிடம் பேச்சு வாங்கினேன் என்று உங்களுக்கே தெரியும். அப்போது நீங்கள் வாய் திறக்கவில்லை.

சரி, அது கிடக்கட்டும். தம்பி வேலை கிடைத்து வெளியூர் போய்விட்டானாம். சாவி இப்போது யாரிடம் இருக்கிறது?