சீனாவில் இங்கிலீஷ் வாத்தியார் வேலை: உங்களுக்கு என்ன நடந்தது?

ஸ்கார்பரோ அக்கா:

ட்ரெய்னிங் சென்டரில், அதாவது தனியார் இங்கிலீஷ் டியூஷன் மையத்தில், இருந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. சாயங்காலமும் சனி ஞாயிறும் வகுப்பு, திங்கள் செவ்வாய் லீவு, அந்த லீவிலும் ஒருநாள் மீட்டிங். ஊர் செங்சோ, 2018. கனடா பாஸ்போர்ட், டிகிரி, இங்கிலீஷ் கற்பிப்பதற்கான டெஃபல் சான்றிதழ், முறையான வேலை விசாவான இசட் விசா எல்லாம் என்னிடம் இருந்தன. வீடியோவில் முகத்தைப் பார்த்துத்தான் வேலைக்கு எடுத்தார்கள். அதனால் அங்கே போய் நிறம் ஒரு பிரச்சினையாகும் என்று நான் நினைக்கவே இல்லை.

புதுப் பெற்றோருக்கு டெமோ கிளாஸ். கண்ணாடிச் சுவருக்கு அந்தப்பக்கம் அம்மா அப்பா, தாத்தா பாட்டி எல்லோரும் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். நான் பிள்ளைகளை வட்டமாக உட்கார வைத்துவிட்டேன். மேனேஜர் அம்மா உள்ளே வந்தார், வாயெல்லாம் சிரிப்பு. என் கையில் இருந்த ஃபிளாஷ் கார்டுகளை உருவி, பின்னால் நின்ற ஒரு ரஷ்யப் பையனிடம் கொடுத்தார். அவன் அங்கே சீன மொழி படிக்க வந்த மாணவன். "நீங்கள் அவனுக்கு உதவியாளர், இன்றைக்கு மட்டும்" என்றார். அவன் "ஸிஸ் ஈஸ் ஆப்பிள்" என்றான். பிள்ளைகள் கோரஸாக "ஸிஸ் ஈஸ் ஆப்பிள்" என்றார்கள். வெளியே கைதட்டல். அன்றே வரிசையில் நின்று ஒரு வருஷப் பணத்தைக் கட்டிவிட்டுப் போனார்கள்.

அடுத்த வாரம் லிஃப்ட் பக்கத்தில் புது போஸ்டர். 'கனடா ஆசிரியர்' என்று போட்டு, அவன் படம். வேலையை விட்டு எத்தனையோ நாளாகிவிட்டது, அந்த "ஸிஸ் ஈஸ்" மட்டும் இன்னும் காதில் கேட்கிறது. வேறு யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

கடலை மிட்டாய்:

அக்கா, உங்களுக்காவது கனடா பாஸ்போர்ட் இருந்தது. நான் நான்சாங்கில் எம்பிபிஎஸ் மூன்றாம் வருஷம், படிப்பு விசா. ஹாஸ்டல் வாசலுக்கே ஏஜென்ட் வருவான். மணிக்கு இவ்வளவு என்று பேசிவிட்டு, "யாராவது கேட்டால், இங்கிலீஷ் பேசுகிற சவுத் ஆப்பிரிக்கா என்று சொல்" என்பான். மால் ஒன்றின் நாலாவது மாடியில் இருந்தது சென்டர்.

ஒரு சனிக்கிழமை ரிசப்ஷன் பெண் ஓடி வந்தாள். கீழே போலீஸ். என்னை இழுத்துக்கொண்டு போய் சாமான் அறையில் தள்ளிக் கதவைச் சாத்தினாள். உள்ளே மடக்கி வைத்த கிறிஸ்துமஸ் மரம், சாண்டா உடுப்பு, உடைந்த குட்டி நாற்காலிகள். நான் மரத்துக்குப் பின்னால் குந்தினேன். கொஞ்ச நேரத்தில் கதவு மெல்லத் திறந்தது. போலீஸ் இல்லை, என் வகுப்பில் படிக்கிற ஐந்து வயசுப் பையன். நான் கண்ணாமூச்சி விளையாடுகிறேன் என்று நினைத்துவிட்டான். "லாவ்ஷி!" (டீச்சர்!) என்று ஒரு சத்தம், அப்புறம் வாயைப் பொத்திக்கொண்டு என் பக்கத்திலேயே வந்து ஒளிந்துகொண்டான். வெளியே பூட்ஸ் சத்தம். அவனோ சிரிப்பை அடக்க முடியாமல் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்குகிறான். எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது.

அந்த நேரத்துக்கான சம்பளத்தை ஏஜென்ட் பிடித்துக்கொண்டான். காரணம், வகுப்பு எடுக்கவில்லையாம்.

பழைய சரக்கு:

கடலை மிட்டாய் தம்பி, கோபித்துக்கொள்ளாதே. படிப்பு விசாவில் போய் வேலை பார்த்துவிட்டு இங்கே வந்து ஏஜென்டைத் திட்டுவது சரியில்லை. அக்காவுக்கு நடந்தது அநியாயம். உனக்கு நடந்தது வேறு.

நான் சுஜோவில் இருந்தேன். வகுப்புப் பலகையில் எழுதுகிற மார்க்கர் பேனா காணோம் என்று என் சம்பளத்தில் பிடித்தார்கள். ஒரு பேனாவுக்கு! அவ்வளவுதான் என் கதை. ஆனால் இனிமேல் போகிறவர்களுக்குச் சில விஷயம் சொல்லியே ஆக வேண்டும்.

முதலில் விசா. வேலைக்கு இசட் விசா மட்டும்தான். எம் விசா வியாபார விசா. "முதலில் அதில் வா, அப்புறம் மாற்றித் தருகிறோம்" என்று சொன்னால் டிக்கெட் போடாதே. 2013 ஜூலையில் நடைமுறைக்கு வந்த குடிவரவுச் சட்டத்தில், அனுமதி இல்லாமல் வேலை பார்ப்பவருக்கு 5,000 யுவானிலிருந்து 20,000 யுவான் வரை அபராதம். விஷயம் பெரிசென்றால் 5 முதல் 15 நாள் காவலும் உண்டு. வேலை கொடுத்தவனுக்கு ஆளுக்கு 10,000 யுவான், மொத்தம் 1 லட்சத்துக்கு மேல் போகாது. கட்டணம் வசூலித்தே கொழுத்தவனுக்கு அது ஒரு பொருட்டா? ஆனால் நாடு கடத்தப்படுவது நீதான்.

இசட் விசாவில் வந்து இறங்கினால் 30 நாளுக்குள் வசிப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஹோட்டலில் தங்காவிட்டால் 24 மணி நேரத்துக்குள் போலீஸில் பதிய வேண்டும். "அதெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்பார்கள். நம்பாதே, நீயே கூடப் போ.

ஒப்பந்தம் இரண்டு மொழியில் இருக்கும். தகராறு வந்தால் சீனப் பிரதிதான் செல்லும் என்று பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி கிடக்கும். அதைத் தெரிந்தவரிடம் வாசிக்கக் கொடுத்துவிட்டுக் கையெழுத்துப் போடு. விலகும்போது வேலையிலிருந்து விடுவித்ததற்கான ரிலீஸ் லெட்டர் வாங்காமல் ஊரை விட்டுக் கிளம்பாதே. அது இல்லாமல் அடுத்த இடத்துக்கு அனுமதி மாற்றுவது பெரும் பாடு. தரமாட்டேன் என்றால் தொழிலாளர் நடுவர் மன்றத்துக்குப் போகலாம், கட்டணம் கிடையாது. முறையான அனுமதி இருந்தால்தான் அங்கே உன் பேச்சு எடுபடும். இன்னும் இருக்கிறது, நாளை எழுதுகிறேன்.

கடலை மிட்டாய்:

அண்ணே, நான் எப்போது சட்டம் கேட்டேன்? பேனாவுக்கு ரெண்டு வரி, எனக்கு அறிவுரை ஒரு பக்கம். அந்த மாலில் இருந்த அத்தனை சென்டரிலும் எங்கள் காலேஜ் பையன்கள்தான் சவுத் ஆப்பிரிக்கா. உள்ளூரில் இது எல்லோருக்கும் தெரியும். தெரிந்துதான் கூப்பிட்டார்கள், தெரிந்துதான் மணிக்குப் பாதிச் சம்பளம் கொடுத்தார்கள்.

ஈஸ்ட்ஹாம்:

இசட் விசா, வசிப்பு அனுமதி எல்லாம் இருந்தும் நான் தெருவில் நின்றேன். ஷென்ஜென், 2021. ஜூலை 24 அன்று அரசின் டியூஷன் கட்டுப்பாட்டுக் கொள்கை வந்தது ஞாபகம் இருக்கும். பள்ளிப் பாட டியூஷனில் லாபம் பார்க்கக் கூடாது, சனி ஞாயிறும் விடுமுறையும் வகுப்பு நடத்தக் கூடாது. எங்களுக்குச் சனி ஞாயிறுதான் பிழைப்பே.

"எங்களுக்கு ஒன்றும் ஆகாது" என்று முதலாளி சொல்லிக்கொண்டே இருந்தார். ஒருநாள் காலையில் போனில் வீசாட் அரட்டைச் செயலியைத் திறந்தால் ஊழியர் குரூப்பைக் காணோம். கலைத்துவிட்டார்கள். சென்டருக்குப் போனால் ஷட்டர் பூட்டு. வாசலில் பெற்றோர் கூட்டம், கையில் ரசீது. ஒரே தடவையில் மூன்று மாதத்துக்கு மேல் கட்டணம் வாங்கக் கூடாது என்று 2018-லேயே உத்தரவு இருக்கிறது. இவர்களோ தள்ளுபடி ஆசை காட்டி இரண்டு வருஷத்துக்கு வாங்கியிருக்கிறார்கள்.

அங்கே முதலாளி இல்லை, கணக்கர் இல்லை, இருந்த ஒரே 'சென்டர்' ஆள் நான். ஒரு பாட்டி என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார். திட்டவில்லை. ரசீதைத் திரும்பத் திரும்ப என் கண்ணுக்கு நேரே காட்டினார். எனக்கும் சம்பளம் வரவில்லை என்று எனக்குத் தெரிந்த அரைகுறைச் சீனத்தில் சொன்னேன். கேட்டுவிட்டுப் பையிலிருந்து ஒரு தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினார். சட்டைக் கையை மட்டும் விடவில்லை. போலீஸ் வந்து எங்கள் எல்லோரையும் கலைந்து போகச் சொல்லும்வரை அப்படியே நின்றோம். கொரோனாவால் எல்லை மூடியிருந்த காலம், வெளியே போனால் திரும்ப முடியாது. நடுவர் மன்றத்துக்கும் போனேன், பழைய சரக்கு சார். தீர்ப்பு எனக்குச் சாதகம்தான். கம்பெனி கணக்கில் காசுதான் இல்லை.

சிரம்பான்காரி:

எனக்கு நடந்தது சின்ன விஷயம், ஆனால் மறக்கவில்லை. நான் மலேசியா, ஊர் சிரம்பான், சீன ஆரம்பப் பள்ளியில் படித்தவள், மாண்டரின் தண்ணீர் பட்ட பாடு. சாங்ஷாவில் ஒரு சென்டர், எம் விசாவில் போனேன். வகுப்பில் வெளிநாட்டு ஆசிரியர் சீனம் பேசக் கூடாது என்பது விதி. பேசத் தெரியும் என்று பெற்றோருக்குத் தெரியவும் கூடாது.

வகுப்பு முடிந்து பொம்மைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். இரண்டு அம்மாக்கள் மேனேஜரிடம் என் தலைக்கு மேலேயே பேசினார்கள். "இவள் இந்தியாக்காரியா? இவ்வளவு கறுப்பு!" மேனேஜர் கொஞ்சமும் தயங்கவில்லை. "அமெரிக்கா. கலிபோர்னியா. அங்கே வெயில் அதிகம்." நான் நிமிர்ந்து, "அக்கா, சிரம்பானிலும் வெயில்தான்" என்றேன், மாண்டரினில். ஒரு அம்மா வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அவர் மகள் கடைசிவரை என் வகுப்பில்தான் இருந்தாள். மேனேஜர் எனக்கு 500 யுவான் அபராதம் போட்டார், விதியை மீறினதற்கு.

பழைய சரக்கு:

எம் விசாவா? தங்கச்சி, மேலே நான் எழுதினதைப் படிக்கவில்லையா? அந்த அபராதத்துக்கு ரசீது வாங்கினாயா? சம்பளத்தில் அப்படிப் பிடிக்க அவர்களுக்கு...

சிரம்பான்காரி:

படித்தேன், அண்ணே. உங்கள் மார்க்கர் பேனாவுக்கு ரசீது கொடுத்தார்களா?