தண்ணீரை வடித்த பிறகு மக்காச்சோள இலை இன்னும் வேகமாகப் பழுக்கிறதே, ஏன்?

கரிசல்காட்டான்:
பெரம்பலூர் பக்கம், இரண்டு ஏக்கர் மக்காச்சோளம், 40 நாள் பயிர். ஐப்பசி மழையில் நான்கு நாள் தண்ணீர் கட்டிக்கிடந்தது. முந்தாநாள் வாய்க்கால் வெட்டி வடித்துவிட்டேன். தண்ணீர் நின்றபோது அடி இலை இரண்டுதான் மஞ்சள். வெயில் அடித்ததும் நாலு இலை பழுத்து, மேல் இலையும் சுருள்கிறது. ஒரு செடியைப் பிடுங்கினேன். வேர் பழுப்பேறி, விரலால் உருவினால் தோல் கழன்று வருகிறது, சாக்கடை நாற்றம். வரப்புக்கு அந்தப் பக்கம் நெல் பச்சைப்பசேலென்று நிற்கிறது. மருந்துக்கடையில் பூச்சிமருந்து அடிக்கச் சொல்கிறார்கள். மனசு கேட்கவில்லை.

இலைநரம்பு:
அண்ணா, மருந்து வேண்டாம். வேர் மூச்சுத் திணறியிருக்கிறது. நான் பயிர் உடலியல் படித்தவன், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

தண்ணீருக்குள் ஆக்சிஜன் பரவுவது காற்றில் பரவுவதைவிடச் சுமார் 10,000 மடங்கு மெதுவு. மண்ணில் இருப்பது ஓரிரு நாளில் தீர்ந்துவிடும். வேரால் தழைச்சத்தை இழுக்க முடியாது, மண்ணில் தழைச்சத்தாக இருக்கும் நைட்ரேட்டும் வாயுவாகிப் போய்விடும். செடி அடி இலையில் இருப்பதை உருவிக் குருத்துக்குக் கொடுக்கும். அதனால்தான் கீழிருந்து பழுக்கிறது. திணறும் வேரில் எத்திலீனுக்கான மூலப்பொருள் சேர்ந்து மேலே ஏறி, இலையில் காற்றுப் பட்டதும் எத்திலீனாகிறது. வாழைத்தாரைப் பழுக்க வைக்கும் அதே வாயுதான். இலை நாளாகாமலே கிழடாகிவிடும்.

அப்புறம் வெயில். இலைத்துளைகள் மூடியிருக்க, பச்சையம் மட்டும் ஒளியை வாங்கிக்கொண்டே இருக்கும். செலவாகாத சக்தி ஆக்சிஜன்மேல் பாய்ந்து சூப்பர் ஆக்சைடு என்ற நச்சு ஆக்சிஜன் உண்டாகும். ஒரு நொதி அதை ஹைட்ரஜன் பெராக்சைடாக மாற்றும். கேட்டலேஸ், பெராக்சிடேஸ் என்ற வேறு நொதிகள் அதைத் தண்ணீராக்கும். ஆரம்பத்தில் இந்த நொதிகள் கூடும், நாள் நீண்டால் தளர்ந்துவிடும். அந்த நிலையில் தண்ணீரை வடித்தால் வேருக்குத் திடீரென்று காற்று கிடைத்து, நச்சு ஆக்சிஜன் ஒரேயடியாகப் பெருகும். நீங்கள் பார்ப்பது அதுதான். வடித்தது தப்பே இல்லை, விட்டிருந்தால் மொத்தமும் போயிருக்கும்.

நெல்லின் தண்டிலும் வேரிலும் காற்றுக்குழல் உண்டு, இலையிலிருந்தே மூச்சு இறங்கிவிடும்.

வரப்போரம்:
தம்பி, எங்கள் காட்டிலும் இப்படி ஆனது. மண் காலில் ஒட்டாத பதம் வந்ததும் லேசாகக் கொத்திவிடு, அதற்கு முன்னால் இறங்கி மிதிக்காதே. சாயங்காலமாக 10 லிட்டர் தண்ணீருக்கு 100 கிராம் யூரியா கலந்து இலையில் அடி. வேர் எடுக்காதபோது இலை எடுக்கும். தரைக்கு மேல் முதல் கணுவைப் பார். வெள்ளை வேர் முளை கட்டியிருந்தால் பிழைத்துக்கொள்ளும். அது வந்த பிறகு யூரியா வைத்து மண் அணை. அடுத்த போகம் பார் பிடித்து மேட்டில் ஊன்று.

கரிசல்காட்டான்:
நன்றி அக்கா, தம்பி. காலையில் பத்துச் செடி பார்த்தேன். ஆறில் கணுவைச் சுற்றி அரிசி முனை அளவுக்கு வெள்ளையாக முளை விட்டிருக்கிறது. பள்ளத்தில் இருக்கும் அரை ஏக்கரில் ஒன்றிலும் இல்லை. மேட்டுப்பக்கம் இன்றைக்குச் சாயங்காலம் தெளிக்கிறேன்.