முதல் தடவை கேட்ட பாட்டு

காவேரிப்பட்டணத்தில் இருபது வருடமாக மைக் செட் வைத்திருக்கிறேன். மாரியம்மன் பண்டிகை, கல்யாண ஆர்க்கெஸ்ட்ரா, விடிய விடிய நடக்கும் தெருக்கூத்து என்று எல்லாவற்றுக்கும் பாக்ஸ் இறக்கியாயிற்று. கூத்தை விட்டால், சினிமாப் பாட்டு இல்லாத மேடைக்குக் கூட்டம் நிற்காது என்பதுதான் என் கணக்கு. 2018 ஜனவரியில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற சாதி எதிர்ப்பு இசைக்குழு சென்னை கீழ்ப்பாக்கத்தில் 19 பேரோடு ஏறிய முதல் மேடையைப் போனில் பார்த்தபோதுகூட, நல்ல முயற்சி என்று நினைத்துப் பாதியில் விட்டுவிட்டேன்.

போன டிசம்பரில் கிருஷ்ணகிரியில் ஒரு சின்ன மண்டபம். சென்னையிலிருந்து ஐந்து பிள்ளைகள் வந்திருந்தார்கள். எல்லாமே சொந்தப் பாட்டு. எண்பது நாற்காலி போட்டிருந்தோம், பாதி காலி.

சாயங்காலம் தூறல். பறை அடிக்கிற தம்பி மண்டபத்துக்குப் பின்னால் தென்னை ஓலையைக் கொளுத்திப் பறையை அனலில் காட்டிக்கொண்டிருந்தான். ஈரத்தில் தொய்ந்த தோல் சூட்டில் இறுக இறுக, விரலால் தட்டித் தட்டிக் காதை வைத்துக் கேட்டான். ஃபைபர் பறைக்கு இந்த வேலையே கிடையாது. சிம்புக்குச்சியால், அதாவது பறையின் மெல்லிய நீளக் குச்சியால், ஒரு தட்டு தட்டினான் பாருங்கள், சில்லென்று தெறித்தது. "இதுக்கு மைக் வேண்டாண்ணா, என் குரலைத் தூக்கி வைங்க போதும்" என்றாள் பாடுகிற பெண்.

அப்புறம் பேஸ் கிட்டார். அதன் தடித்த தந்தி நொடிக்கு 41 தடவைதான் அதிரும். அவ்வளவு கனத்த ஒலியைப் போன் ஸ்பீக்கரால் எழுப்பவே முடியாது. என் பதினெட்டு அங்குல பாக்ஸ் எழுப்பியது. மிக்சரில் வைத்திருந்த விரலில் அது ஏறியது. நெஞ்சுக்கூட்டில் அது அடிக்க, மேலே பறை கத்த, நடுவில் அந்தப் பெண்ணின் குரல் துளிகூடக் கலங்காமல் நின்றது. போனில் நான் கேட்டது பாட்டில் பாதிகூட இல்லை என்று அப்போதுதான் உறைத்தது.

மூன்றாவது பாட்டு, மாங்கூழ் ஃபேக்டரிக்கு நைட் ஷிப்ட் போகும் அம்மாவைப் பற்றியது. எங்கள் பக்கத்தில் பெங்களூரா மாங்காய் சீசனில் பாதி வீட்டுக் கதை அதுதான். இரண்டாம் தடவை பல்லவி வந்தபோது, மண்டபம் கூட்டுகிற அக்கா வாசலிலிருந்தே சேர்ந்து பாடினார். அடுத்த தடவை எல்லோரும். எருது விடும் விழாவில் மாடு பாயும்போது எழுமே, அந்தச் சத்தம். சினிமாப் பாட்டென்றால் எல்லோருக்கும் மனப்பாடம், பாடுவார்கள். இந்தப் பாட்டை அந்த மண்டபத்தில் ஒருவரும் அதற்கு முன் கேட்டதில்லை!

அன்றைக்கு ஒலி நன்றாக வந்ததற்கு அவர்கள் எனக்கு நன்றி சொன்னார்கள். நான்தான் அவர்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். வயரைச் சுருட்டிவிட்டு அவர்கள் நம்பரை வாங்கிக்கொண்டேன். இந்த வருடம் எங்கள் ஊர்ப் பண்டிகைக்கு ஆர்க்கெஸ்ட்ராவுக்கு முன்னால் ஒரு மணி நேரம் அவர்களுக்குக் கேட்டிருக்கிறேன். பெரியவர்கள் இன்னும் பிடி கொடுக்கவில்லை. மைக் செட் வாடகை வேண்டாம் என்று சொல்லிப் பார்க்கப்போகிறேன்.